பட்டன் கண்களும் ஒரு சாண் பொம்மையும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பத்து வயது மகள் ‘கோரலைன்’ படத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாளாகப் பட்டன் வைத்த சட்டையைப் போட மறுக்கிறாள். ஆனால் படத்தை இன்னொரு தடவை போடச் சொல்லி நச்சரிப்பதும் அவள்தான். “இரத்தம் இல்லை, அலறல் இல்லை, பாதிப் படம் வெளிச்சமாகவும் அழகாகவும்தான் இருக்கிறது. பிறகு எதைக் கண்டு பயப்படுகிறாள்? இது பொம்மையா, கம்ப்யூட்டரா?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: பொம்மை. முதல் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது. நான் சினிமாக்காரன் அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். பொம்மைகளை ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் மீது ஒரு பைத்தியம் உண்டு. இந்தப் படத்தில் வருகிற ஊசி, நூல், கத்தரிக்கோல், பட்டன் எல்லாம் என் மேஜையில் கிடக்கும் சாமான்கள் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு திருத்தத்தை முதலிலேயே செய்துவிடலாம். இது டிம் பர்ட்டன் படம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இயக்கியவர் ஹென்றி செலிக். 1993-இல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தை இயக்கியவரும் அவர்தான். பர்ட்டன் அதற்குக் கதை தந்தார், தயாரித்தார். சுவரொட்டியில் பர்ட்டன் பெயர் பெரிதாகப் போடப்பட்டதால் செலிக்கின் பெயர் முப்பது வருடமாக நிழலிலேயே கிடக்கிறது. ‘கோரலைன்’, நீல் கெய்மன் 2002-இல் எழுதிய சிறுவர் நாவலை வைத்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் லைக்கா ஸ்டுடியோவின் முதல் முழுநீளப் படம். வெளிவந்த வருடம் 2009.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. பெற்றோருடன் ஒரு பழைய மூன்று மாடி வீட்டுக்குக் குடிவருகிறாள் பதினோரு வயதுக் கோரலைன். அப்பாவும் அம்மாவும் தோட்டக்கலை பற்றி எழுதுகிறவர்கள். ஆனால் மண்ணைத் தொட நேரமில்லை, மகளோடு பேசவும் நேரமில்லை. கூடத்துச் சுவரில் ஒரு குட்டிக் கதவு. பகலில் திறந்தால் செங்கல் சுவர், இரவில் திறந்தால் ஒரு சுரங்கம். அந்தப் பக்கம் அதே வீடு, அதே அம்மா, அதே அப்பா. சமையல் மணக்கிறது, தோட்டம் பூக்கிறது, எல்லோருக்கும் நேரமிருக்கிறது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பட்டன்கள்.

அந்த ‘மற்ற அம்மா’வின் வீட்டை முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது சாம்பிள் பீஸ்.

பனியன் தொழில் அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். வெளிநாட்டு பையருக்கு முதலில் அனுப்புவது சாம்பிள் பீஸ். இருப்பதிலேயே கைத்திறன் உள்ள டைலர்தான் அதைத் தைப்பார். ஒரு பிசிர் நீட்டிக்கொண்டிருக்காது. காலர் உட்காரும் அழகே தனி. ஆர்டரைப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. பிறகு ஓடுகிற ஆயிரக்கணக்கான பீஸ்களில் ஒன்றில் தோள் கொஞ்சம் இழுக்கும், இன்னொன்றில் நூல் தொங்கும், ஆனால் மனிதர்கள் போட்டுக்கொண்டு திரிவது அவற்றைத்தான். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மாஸ்டர், “பீஸ் ரொம்ப அழகாக இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார் சாமி” என்பார். மற்ற அம்மாவின் வீடு கோரலைன் என்ற ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகத் தைத்த சாம்பிள். படம் மெல்ல மெல்ல அதன் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறது. உங்கள் மகளைப் பயமுறுத்துவது அந்தத் திருப்பல் என்பது என் கணிப்பு.

படத்தின் தொடக்கத்தையே பாருங்கள். ஜன்னல் வழியாக ஒரு துணிப் பொம்மை மிதந்து வருகிறது. ஊசி ஊசியாக இரும்பு விரல்கள் அதைப் பிடிக்கின்றன. முடியை வெட்டி, பட்டன் கண்களைப் பிய்த்து, வயிற்றைக் கிழித்துப் பஞ்சை உருவி, தோலை உள்வெளியாகத் திருப்புகின்றன. பிறகு மரத்தூள் நிரப்பித் தைத்து, புதிய பட்டன் வைத்து, நீல முடியும் மஞ்சள் மழைக்கோட்டும் போட்டு அனுப்பிவைக்கின்றன. நடப்பது முழுக்கத் தையல் வேலைதான். எங்கள் பிரிவில் தினமும் பத்துத் தடவை செய்கிற வேலை. ஆனாலும் அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. அந்த விரல்கள் தடுமாறவே இல்லை. நல்ல டைலரின் கை வேகம் அந்தக் கைக்கு இருந்தது.

இனி, அந்த வீடு எப்படி அவ்வளவு இழுக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாதி நிறம். நிஜ உலகம் சாம்பலும் மங்கிய பழுப்புமாக, ஐப்பசி அடைமழையில் நனைந்து ஊறிய சுவர் போல இருக்கும். அதில் துலங்குவது கோரலைனின் நீல முடியும் மஞ்சள் கோட்டும்தான். கதவைத் தாண்டினால் வெதுவெதுப்பான ஆரஞ்சு, ஊதா, ரோஜா. இந்த நிறத்தேர்வுக்குப் பின்னால் ஜப்பானிய ஓவியர் தடாஹிரோ உயெசுகி இருக்கிறார். செலிக் அவருடைய பத்திரிகை ஓவியங்களைப் பார்த்து அழைத்துக்கொண்டார். வடிவமைப்புக்காக உயெசுகிக்கு ஆனி விருதும் கிடைத்தது.

இன்னொரு பாதி ஆழம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சமையலறை, கூடம் போன்ற அறைகளை இரண்டிரண்டாகக் கட்டினார்கள். கேமரா நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் நிஜ உலகத்துச் சமையலறை குறுகலான ஒரு பெட்டி. தரையைச் சாய்த்து, பின்சுவரை முன்னால் இழுத்து, ஆழம் இருப்பது போலக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். மற்ற உலகத்துச் சமையலறைக்கு உண்மையிலேயே ஆழம் உண்டு. படம் முழுவதும் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. இடக்கண்ணுக்கு ஒரு படம் எடுத்து, கேமராவை மயிரிழை நகர்த்தி வலக்கண்ணுக்கு இன்னொன்று. கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்கு நிஜ வீடு நெஞ்சை அடைப்பதாகவும் பொய் வீடு மூச்சுவிட இடம் தருவதாகவும் இருந்திருக்கும். சாதாரணத் தொலைக்காட்சியில் பார்த்தாலும் அந்த அடைப்பு கொஞ்சம் தெரிகிறது. அம்மா கணினி முன் உட்கார்ந்திருக்கும் அறையை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

பேயின் வீடு விசாலமாகவும் பெற்ற தாயின் வீடு மூச்சுமுட்டுவதாகவும் இருப்பது கோதிக் எனும் பேய்வீட்டுத் திகில் மரபையே தலைகீழாகப் புரட்டுவது. 1760-களில் இங்கிலாந்தில் கதையாகத் தொடங்கிய அந்த மரபில் கோட்டை, இருட்டு, பூட்டிய அறை, புழுக்கம் எல்லாம் கெட்டவனுடைய சொத்து. 1920-இல் வந்த ‘டாக்டர் காலிகாரியின் அறை’ என்ற ஜெர்மானிய மௌனப் படம் கோணல் சுவர்களையும், தரையிலும் சுவரிலும் மையால் எழுதிய நிழல்களையும் சினிமாவுக்குக் கொண்டுவந்தது. செலிக்கின் 1993-ஆம் வருடப் படத்தில் அந்தச் சாயல் அப்பட்டமாகவே இருக்கும்; அரங்கப் பரப்புகளில் பேனாக் கோடுகள் போலக் கீறல் கீறலாக இழுத்து, மைச்சித்திரத்துக்குள் பொம்மைகள் நடப்பது போலச் செய்திருந்தார்கள். ‘கோரலைன்’ அந்தக் கீறலைக் கைவிட்டுவிட்டது. கோதிக் என்பது இங்கே அந்தக் குட்டிக் கதவில் மட்டும் மிஞ்சி நிற்கிறது என்பேன்.

கதவு என்றதும் காங்கேயம் பக்கத்தில் இருந்த என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீடு நினைவுக்கு வருகிறது. ஆசாரத்தை, அதாவது முன்கூடத்தை, தாண்டினால் ஓர் அறை. குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே குதிரும் பித்தளை அண்டாக்களும் ஒரு பழைய தொட்டிலும். பகலில் நாங்கள் ஒளிந்து விளையாடிய இடமே அதுதான். இரவில் அந்தப் பக்கம் தலைவைத்து யாரும் படுக்க மாட்டோம். அம்மிச்சி எந்தப் பேய்க்கதையும் சொன்னதில்லை. கதவு எங்கள் உயரத்துக்கு இருந்ததே போதுமானதாக இருந்தது. பெரியவர்கள் குனிய வேண்டிய கதவு யாருக்காகச் செய்தது என்ற கேள்வி குழந்தைக்குத் தானாகவே வந்துவிடும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: ஸ்வெட்டர். மற்ற அம்மா கோரலைனுக்காக ஒரு கருநீல ஸ்வெட்டரை எடுத்துவைக்கிறாள். மேலே வெள்ளி நட்சத்திரங்கள். படத்தில் அது சில நிமிடங்களே வருகிறது. கோரலைன் பொம்மையின் உயரம் ஏறத்தாழ ஒரு சாண். நாலரை அடிப் பெண்ணைச் சாணாகக் குறுக்கினால் ஆறில் ஒரு பங்கு. ஊட்டியில் திபெத்தியர்கள் விற்கிறார்களே, அது போன்ற ஸ்வெட்டரில் அங்குலத்துக்கு ஐந்து கண்ணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் உடம்பில் அது அதே ஸ்வெட்டராகத் தெரிய வேண்டுமானால் அங்குலத்துக்கு முப்பது கண்ணி வேண்டும். எங்கள் ஊரில் டி-ஷர்ட் துணி ஓட்டும் நிட்டிங் இயந்திரம் பெரும்பாலும் 24 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி. அந்த இயந்திரத்தை மிஞ்சும் நெருக்கத்தில் ஒருவர் கையால் பின்ன வேண்டும்! பின்னினார். அல்தியா க்ரோம் என்ற அமெரிக்கப் பெண்மணி, தலைமுடியோடு ஒப்பிடத்தக்க மெல்லிய ஊசிகளைக் கொண்டு பின்னியது அது. இதை எங்கள் நிட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் படத்தை நிறுத்தச் சொல்லி, திரைக்கு அருகில் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். “கைப்பின்னல்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

பின்னலின் வளையத்துக்கும் கண்ணி என்றுதான் பெயர், முயல் பிடிக்க வேலியோரம் வைக்கும் சுருக்குக்கும் கண்ணி என்றுதான் பெயர். அந்த ஸ்வெட்டர் இரண்டாவது வகை. அதை அணிந்துகொண்டு ஆடல் பாடல் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்ணின் முன்னால்தான் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து வைக்கிறார்கள்: இரண்டு கறுப்புப் பட்டன், ஒரு ஊசி, நூல். இங்கேயே இருக்க வேண்டுமானால் கண்ணில் இதைத் தைக்க வேண்டும். கறுப்புதான் வழக்கம், பிடிக்காவிட்டால் வேறு நிறமும் தருவார்களாம். அந்தச் சலுகையைக் கேட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாம்பிள் அனுப்பும்போது நாங்களும் ‘கலர் ஆப்ஷன்’ அட்டை ஒன்றை வைத்தே அனுப்புவோம்.

பட்டன் கண் ஏன் இவ்வளவு கலவரப்படுத்துகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. முனியப்பன் சிலையோ அம்மன் சிலையோ, உருவம் முழுக்க முடிந்த பிறகு கடைசியில்தான் கண் திறப்பார்கள். அதுவரை அது சுதையும் வர்ணமும்தான். கண் திறந்த கணத்திலிருந்து கும்பிடுகிறோம். மற்ற அம்மா இதை அப்படியே பின்னோக்கிச் செய்கிறாள். திறந்த கண்ணை மூடித் தைத்து, ஆளைப் பொம்மையாக்குகிறாள். கண் திறப்பைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பமாகவும் அது துணிச்சலான தேர்வு. பொம்மைப் படத்தில் கண்தான் பாதி நடிப்பு. கண்மணியை ஒரு நூலளவு நகர்த்தினால் எண்ணம் மாறியது தெரியும். பட்டனில் அது முடியாது. அதனால் மற்ற அம்மாவின் நடிப்பு முழுவதும் புருவத்துக்கும் உதட்டுக்கும் விரல்களுக்கும் போய்விடுகிறது. பட்டனின் மேல் விளக்கொளி மின்னும்போது அவள் நம்மைப் பார்ப்பது போலவும் இருக்கிறது, பார்க்காதது போலவும் இருக்கிறது. இதைவிட மோசமானது கதவுக்கு அந்தப் பக்கத்துச் சிறுவன் வைபியின் கதி. பேச வராத அவன் முகம் வாடியிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. உதட்டோரங்களை இழுத்துச் சிரிப்பாகத் தைத்துவிடுகிறாள். என்னைக் கேட்டால் படத்திலேயே பயங்கரமான காட்சி மற்ற அம்மா கடைசியில் எடுக்கும் சிலந்தி உருவம் அல்ல, இந்தத் தையல்தான்.

முகங்கள் பற்றி ஒன்றிரண்டு விவரம். 1993-ஆம் வருடப் படத்தின் நாயகன் ஜாக்குக்கு ஏறத்தாழ 400 தலைகள் செய்து, வசனத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றி மாட்டினார்கள். 2005-இல் வந்த ‘கார்ப்ஸ் பிரைடு’ பொம்மைகளின் தலைக்குள் கடிகாரம் போலப் பல்சக்கரங்கள். காதுக்குள் சின்னச் சாவியை விட்டுத் திருகினால் புன்னகை விரியும். ‘கோரலைன்’ முகங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்து, கையால் வர்ணம் பூசியது. நெற்றியும் புருவமும் ஒரு துண்டு, வாயும் கன்னமும் இன்னொரு துண்டு. இரண்டும் சேருமிடத்தில் முகத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். அந்த இணைப்புக் கோட்டை மட்டும் பிறகு கம்ப்யூட்டரில் அழித்தார்கள். உங்கள் கேள்வியின் கம்ப்யூட்டர் பங்கில் முக்கியமானது இதுதான். 2015-இல் வந்த ‘அனோமலிசா’ என்ற படம் அதே போன்ற கோட்டை அழிக்காமல் வேண்டுமென்றே விட்டுவைத்தது. தையலை இவ்வளவு பேசும் ஒரு படம் தன் தையலை மறைத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மற்றதெல்லாம் கைதான். தோட்டத்து மரங்களில் பூத்துக் குலுங்குபவை ரோஜா வர்ணம் அடித்த சோளப்பொரி. 100 நிமிடப் படம், நொடிக்கு 24 படம் என்றால் 1,44,000 படம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் இரண்டு மடங்கு.

இதன் சிரமம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஊரடங்குக் காலத்தில் கம்பெனி மூடிக்கிடந்தபோது நானும் மகளும் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு பொம்மை தைத்து, கம்பி வைத்துக் கை கால் மடங்கும்படி செய்து, நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் பத்து நொடிக்கு 120 படம் செல்பேசியில் எடுத்தோம். போட்டுப் பார்த்தால் பொம்மை நடப்பதற்குப் பதிலாக அதன் சட்டை கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கை பட்டபோதும் துணியின் மடிப்பு மாறியிருக்கிறது. கண் அதை அசைவாக எடுத்துக்கொண்டது. வல்லுநர்கள் சட்டையின் ஓரத்துக்குள் மெல்லிய கம்பி வைத்துத் தைத்து மடிப்பைப் பிடித்துவைப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. டியூப்லைட் வேறு படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றியது. மின்விசிறியை நிறுத்த மறந்ததால் முடி ஆடியது. பத்து நொடிக்கு இரண்டு நாள். ஆனாலும், அந்தப் பொம்மை தலையைத் திருப்பிய ஒரு நொடி மட்டும் சரியாக வந்திருந்தது. என் மகள் அதை யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டினாள்.

சாம்பிளின் உள்பக்கம் படத்தில் எங்கே முழுதாகத் தெரிகிறது என்று கேட்டால், ஒரு காட்சியைச் சொல்வேன். கோரலைன் பூனையோடு அந்த வீட்டை விட்டு நடந்துகொண்டே போகிறாள். மரங்கள் வெறும் கோடாகி, கோடும் மங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லாத வெள்ளை. இன்னும் நடந்தால் எதிரில் அதே வீடு. அவள் பார்க்கக்கூடிய தூரம் வரைதான் தைத்திருக்கிறார்கள். இருட்டைக் காட்டிப் பயமுறுத்தும் படங்களை நிறையப் பார்த்தாயிற்று. வெட்டாத துணி போன்ற வெள்ளையைக் காட்டிப் பயமுறுத்தியதை இதில்தான் பார்த்தேன்.

உங்கள் மகளிடம் வருகிறேன். திரும்பப் பார்க்கக் கேட்டால் மறுக்காதீர்கள், கூடவே உட்காருங்கள். பயந்த இடத்தில் நிறுத்தி, “இதை எப்படிச் செய்திருப்பார்கள் அம்மிணி?” என்று கேளுங்கள். என் வீட்டில் அது வேலை செய்தது. பட்டன் பயத்துக்கு, பழைய சட்டை ஒன்றையும் ஊசி நூலையும் கொடுத்து அவளையே ஒரு பட்டன் தைக்கச் சொல்லலாம். ஊசி தன் கையில் இருக்கும்போது விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் காட்டுங்கள். படத்தின் முன்பகுதியில் ஒரு கடையில் கோரலைன் பல நிறக் கோடு போட்ட கையுறையைக் கேட்பாள். அம்மா மறுத்துவிட்டுச் சாம்பல் நிறப் பள்ளிச் சீருடையை மட்டும் வாங்குவாள். எல்லாம் முடிந்த பிறகு ஓர் இரவில் அந்தக் கையுறை அவள் படுக்கைக்கு வந்து சேர்ந்திருக்கும். நட்சத்திர ஸ்வெட்டரைப் பின்னிய அதே அல்தியா க்ரோம் பின்னியதுதான் இதுவும். இதற்கு யாரும் கண்ணைக் கேட்கவில்லை. அந்தக் காட்சியை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நிறுத்தி, விரல்களுக்கு நடுவில் நூல் எப்படி ஒவ்வொரு விரலுக்கும் பிரிந்து போகிறது என்று நானும் மகளும் எண்ணிப் பார்க்க முயன்றோம். மூன்றாவது விரலோடு கணக்கு விட்டுப்போய்விட்டது.